தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து இணையக் கடை: ஷாப்பிங் கார்ட்டும் பணம் வாங்கும் வழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டில் இருந்தபடியே வியாபாரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். முறுக்கு, அதிரசம், வறுத்து அரைத்த மசாலாத் தூள், சேலை, பூஜைப் பொருள், தைத்துக் கொடுக்கும் ரவிக்கை என்று ஆளுக்கொரு சரக்கு. இவர்களுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கடை தொடங்கும்போதும் தொடங்கிய பிறகும் அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அழகான கார்ட் (பொருளைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட வைக்கும் கடை மென்பொருள்) எது என்று தேடி, படமெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் பணம் எப்படி வாங்குவது என்று யோசிக்கிறார்கள். முறை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் எப்படிப் பணம் கட்டுவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஒத்துவரும் கார்ட்டை அப்புறம் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுக்கிறேன், பணமும் பேங்கில் வந்துவிடுகிறது. கார்ட் எதற்கு?

நாளுக்கு நாலைந்து ஆர்டர் என்றால் தேவையில்லை. நிம்மதியாக வாட்ஸ்அப்பிலேயே செய்யுங்கள்.

எப்போது தேவை என்பதைச் சொல்கிறேன். "அக்கா, போஸ்டேஜ் எவ்வளவு?" என்ற கேள்விக்கு இரவு பதினொரு மணிக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தால் தேவை. பணம் அனுப்பியவர் யார், அனுப்பாதவர் யார் என்று ரசீதுப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் தேவை. கார்ட் செய்யும் வேலை மூன்றுதான்: தபால் செலவோடு மொத்தத் தொகையைக் காட்டும், பணம் வந்துவிட்டதா என்று தானே உறுதிசெய்யும், யாருக்கு எதை எங்கே அனுப்ப வேண்டும் என்று பட்டியல் போட்டு வைக்கும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யாத கார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் போன்ற இணையச் சந்தைகள் இருக்கும்போது சொந்தக் கடை ஏன்?

அங்கே கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பணம் வாங்கும் ஏற்பாடும் கூரியரும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிப்பார்கள், விகிதத்தை அவ்வப்போது மாற்றவும் செய்வார்கள். வாங்கியவரோடு உங்களுக்கு நேரடித் தொடர்பும் கிடைக்காது.

என் யோசனை: புது வாடிக்கையாளர் வர அங்கே ஒரு கடை, ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களுக்குச் சொந்தக் கடை. தீபாவளிக்கு வருடா வருடம் உங்களிடமே பலகாரம் வாங்கும் ஈப்போக்காரரை ஷாப்பிக்கு அனுப்பி, அந்த விற்பனைக்கும் கமிஷன் கட்டுவதில் அர்த்தமில்லை.

நம் வாடிக்கையாளர்கள் எப்படிப் பணம் கட்ட விரும்புகிறார்கள்?

மலேசியாவில் இணையத்தில் பணம் கட்டும் வழிகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று எஃப்பிஎக்ஸ். வாடிக்கையாளர் தன் வங்கியைத் தேர்ந்தெடுத்து, அந்த வங்கியின் பக்கத்திலேயே நுழைந்து கட்டுவது. இன்னொன்று டூயிட்நவ் கியூஆர். வங்கிச் செயலியாலோ வாலட்டாலோ சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டுவது. இரண்டையும் நடத்துவது பேநெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கட்டண வலையமைப்பு நிறுவனம்தான்.

நம் பகுதியில் பிஎஸ்என் (தேசிய சேமிப்பு வங்கி) கணக்கு வைத்திருப்பவர்கள் நிறைய. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களிடம் கடன் அட்டை இருப்பது அரிது. ஆனால் மகனோ மகளோ கைப்பேசியில் மேபேங்க், சிஐஎம்பி போன்ற வங்கிச் செயலி வைத்திருப்பார்கள். அதனால் எஃப்பிஎக்ஸ் இல்லாத கடை இங்கே ஓடாது. அதற்கு அடுத்தது டச் அண்ட் கோ போன்ற இ-வாலட், அதாவது கைப்பேசிப் பணப்பை. இளையவர்கள் சின்னத் தொகைக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அட்டை மூன்றாவதாக வரும்.

நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடந்த மாதம் உங்களுக்குப் பணம் அனுப்பியவர்களின் ரசீதுகளை எடுத்து எந்த வங்கி, எந்த வாலட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்வே தேடுங்கள். வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் சேவைதான் கேட்வே.

எஃப்பிஎக்ஸ் உள்ளே என்ன நடக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்திருந்தால் பாதித் தலைவலி குறையும்.

வாடிக்கையாளர் உங்கள் கடையில் "பணம் கட்டு" என்பதை அழுத்துகிறார். கேட்வே அவரை அவருடைய வங்கிக்கு அனுப்புகிறது. அங்கே நுழைந்து, தொகையைப் பார்த்து, கைப்பேசிச் செயலியில் ஒப்புதல் தருகிறார். முன்பு குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அடித்தார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் சொன்ன பிறகு வங்கிகள் அதைக் கைவிட்டு, செயலி வழி ஒப்புதலுக்கு மாறிவிட்டன. பணம் போன பிறகு இரண்டு காரியங்கள் தனித்தனியாக நடக்கும். ஒன்று, வாடிக்கையாளரின் திரை உங்கள் கடைக்குத் திரும்பும். மற்றொன்று, கேட்வேயின் கணினி உங்கள் கடையின் கணினிக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பும். இதைக் கால்பேக் என்பார்கள்.

இங்கேதான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்ததும், "சரி, முடிந்தது" என்று வாடிக்கையாளர் பிரவுசரை மூடிவிடுவார். அல்லது தோட்டத்துக்குள் லைன் போய்விடும். திரை உங்கள் கடைக்குத் திரும்பவே திரும்பாது. திரை திரும்புவதை மட்டும் நம்பியிருக்கும் கடையில் அந்த ஆர்டர் "பணம் கட்டவில்லை" என்றே நிற்கும். ஆனால் அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும். கால்பேக்கை வைத்து ஆர்டரை உறுதிசெய்யும் கடையில் இந்தச் சிக்கல் வராது. கார்ட் விற்பவரிடமோ கடை அமைத்துத் தருபவரிடமோ நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வாடிக்கையாளர் பிரவுசரை மூடிவிட்டாலும் ஆர்டர் 'பெய்ட்' (பணம் கட்டியாயிற்று) என்று மாறுமா?" தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கட்டணம் எவ்வளவு போகும்?

கட்டணத்தில் இரண்டு மாதிரி உண்டு. எஃப்பிஎக்ஸுக்குப் பெரும்பாலும் ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, சிறு வியாபாரிகளுக்கான கேட்வேகளில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) அல்லது அதை ஒட்டி இருக்கும். அட்டைக்கு விகிதக் கணக்கு. உதாரணத்துக்கு, 3 விழுக்காடும் கூட ஒரு வெள்ளியும் என்று வைத்துக்கொள்வோம். விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

12 வெள்ளிக்கு ஒரு பாக்கெட் முறுக்கு விற்றால், எஃப்பிஎக்ஸில் 1 வெள்ளி போகும். அது 8 விழுக்காட்டுக்கும் மேல். அட்டையில் 1 வெள்ளி 36 காசு, 11 விழுக்காட்டைத் தாண்டிவிடும். முறுக்கில் அவ்வளவு லாபமே சிலருக்குக் கிடையாது. அதே ஆள் மூன்று பாக்கெட், கொஞ்சம் மசாலா என்று 40 வெள்ளிக்கு வாங்கினால் எஃப்பிஎக்ஸில் இரண்டரை விழுக்காடு, அட்டையில் 2 வெள்ளி 20 காசு, அதாவது ஐந்தரை. 250 வெள்ளிச் சேலைக்கு எஃப்பிஎக்ஸ் கட்டணம் அரை விழுக்காடுகூட இல்லை. அட்டையிலோ 8 வெள்ளி 50 காசு.

இதிலிருந்து இரண்டு முடிவு. சின்ன விலைப் பொருள் விற்பவர்கள் தனிப் பாக்கெட் விற்காமல் செட்டாக விற்க வேண்டும், அல்லது குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைக்க வேண்டும். இந்த வசதி உங்கள் கார்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த பொருள் விற்பவர்கள் பணம் கட்டும் பக்கத்தில் எஃப்பிஎக்ஸை முதலாவதாகக் காட்ட வேண்டும். மேலே இருப்பதைத்தான் ஜனங்கள் அழுத்துவார்கள்.

அட்டையில் கட்டினால் தனிக் கட்டணம் என்று பில்லில் ஏற்றாதீர்கள். வாங்குபவருக்கு அது எரிச்சல், கேட்வே ஒப்பந்தத்துக்கும் பொதுவாக முரணானது. பொருளின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

எந்தக் கேட்வே எடுக்கலாம்?

உள்ளூரில் பில்பிளஸ், தோயிப்பே, செனாங்பே, ஐபே88, ரேசர்பே கர்லெக் என்று பல. வெளிநாட்டு நிறுவனமான ஸ்ட்ரைப் 2019 முதல் மலேசியாவில் இருக்கிறது, அதிலும் எஃப்பிஎக்ஸ் உண்டு. இதுதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல்ல மாட்டேன். முறுக்குக் கடைக்கு நல்லது சேலைக் கடைக்கு நல்லதாக இருக்காது.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆண்டுக் கட்டணம் உண்டா, இல்லை விற்றால் மட்டும் கட்டணமா? வியாபாரம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் சூடு பிடிக்கும் என்றால், ஆண்டுக் கட்டணம் இல்லாததை எடுங்கள். வந்த பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு எத்தனை நாளில் சேரும்? மறுநாள் வேலை நாளிலேயே தருபவர்கள் இருக்கிறார்கள், ஒரு வாரம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு அரிசி மாவும் எண்ணெயும் வாங்க இன்றைய விற்பனைக் காசு வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, கட்டணத்தில் இருபது காசு மிச்சமாவதைவிட இது பெரிது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் முதலில் பிடித்த கட்டணம் திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்றால் போனில் பேச ஆள் இருக்கிறாரா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே அழைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கார்ட்டில் எது நல்லது? ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா, உள்ளூர்க்காரர்களுடையதா?

ஷாப்பிஃபை சுலபமானது, சுத்தமானது. ஆனால் நமக்கு இரண்டு விஷயம் கையைக் கடிக்கும். மாதச் சந்தா டாலரில் வரும்; உதாரணத்துக்கு, பேசிக் என்ற அடிப்படைத் திட்டத்துக்கு மாதம் 39 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு 4 வெள்ளி 20 காசு என்று வைத்தால் 160 வெள்ளிக்கு மேல். மாதம் முப்பது ஆர்டர் வரும் கடைக்கு, ஆர்டருக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் அதற்கே போய்விடும். அப்புறம், அவர்களுடைய சொந்தக் கட்டணச் சேவை மலேசிய வியாபாரிகளுக்குக் கிடையாது. வேறு கேட்வேயை இணைத்தால் பேசிக் திட்டத்தில் விற்பனையில் மேலும் 2 விழுக்காடு எடுப்பார்கள். கேட்வே பிடிப்பது தனி. மாதம் நூறு இருநூறு ஆர்டர் ஓடும் துணிக்கடைக்கு அது தாங்கும். புதுக் கடைக்குத் தாங்காது.

வூகாமர்ஸ் இலவசம். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளோடு சேர்க்க 2011இல் வந்த பிளகின் (துணை மென்பொருள்) இது. உள்ளூர் கேட்வேகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதில் இணைப்பு இருக்கிறது. சந்தா இல்லை, விற்பனையில் பங்கு இல்லை. ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகைக் கணினி), டொமைன் (இணைய முகவரிப் பெயர்), பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். யாராவது ஒருவர் மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து அப்டேட் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் ஒரு நாள் பணம் கட்டும் பக்கம் திறக்காது, அல்லது யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளை வேலைக்கென்று கோலாலம்பூருக்குப் போன பிறகும் பார்த்துக்கொள்ளும் என்றால் மட்டுமே இதற்குப் போங்கள்.

ஈஸிஸ்டோர், சைட்ஜயண்ட் போன்ற மலேசியத் தளங்கள் இரண்டுக்கும் நடுவில். எஃப்பிஎக்ஸ், உள்ளூர்க் கூரியர், ஷாப்பி லசாடாவோடு சரக்குக் கணக்கை ஒன்றாக வைக்கும் வசதி எல்லாம் நம் நாட்டுக்கென்றே அமைத்திருக்கிறார்கள். ஷாப்பியில் விற்ற கடைசிச் சேலை சொந்தக் கடையிலும் விற்பனைக்கு நின்றுகொண்டிருக்காது. பெரும்பாலான கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முதலில் இலவசச் சோதனைக் காலத்தில் பத்துப் பொருளை ஏற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு பொருள், அல்லது நாலைந்து பொருள் மட்டும் விற்பவர்களுக்குக் கார்ட்டே வேண்டாம். கேட்வேகளில் பணம் கட்டும் ஃபாரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அளவும் முகவரியும் கேட்டு, பணமும் வாங்கிக்கொள்ளும்.

டூயிட்நவ் கியூஆர் படத்தைக் கடைப் பக்கத்தில் போட்டுவிட்டால் போதுமா?

கடை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் படத்தையா? அது நேரில் வாங்குபவர்களுக்கு. அதில் தொகையை வாடிக்கையாளர்தான் அடிக்க வேண்டும். 46 வெள்ளி என்பதற்கு 64 அடிப்பார், அல்லது தபால் காசை விட்டுவிடுவார். யார் எந்த ஆர்டருக்குக் கட்டினார் என்பதும் தெரியாது. கார்ட்டுக்குள் கேட்வே உருவாக்கித் தரும் கியூஆர் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி. தொகை அதிலேயே இருக்கும், பணம் வந்ததும் ஆர்டர் தானாக மாறும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் வாடிக்கையாளர் கைப்பேசியில்தான் கடையைப் பார்க்கிறார். திரையில் இருக்கும் கியூஆரை அதே கைப்பேசியால் எப்படி ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமித்து, வங்கிச் செயலியில் கேலரியிலிருந்து எடுக்க வேண்டும். இளையவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதனால் கியூஆர் கூடுதல் வசதியாக இருக்கட்டும்.

அட்டை வசதி வைக்காமல் விடலாமா?

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் விற்றால், தொடக்கத்தில் விடலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அம்மாவுக்குப் பிறந்தநாள் சேலை அங்கிருந்தே ஆர்டர் செய்வார்கள். அவர்களுக்கு மலேசிய வங்கிக் கணக்கு இல்லையென்றால் எஃப்பிஎக்ஸ் உதவாது. அந்த வாடிக்கை இருந்தால் அட்டையைச் சேர்த்துவிடுங்கள்.

அட்டையில் ஒரு அபாயம் உண்டு. "நான் வாங்கவே இல்லை" என்று அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்தால், பணத்தை உங்களிடமிருந்து திரும்ப எடுப்பார்கள். கூரியர் எண், பொருள் சேர்ந்ததற்கான ஆதாரம், பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வைத்திருந்தால்தான் வாதாட முடியும். கட்டும்போது வங்கியின் ஒப்புதல் கேட்கும் 3டி செக்யூர் வசதியைக் கேட்வேயில் கட்டாயம் போட்டு வையுங்கள்.

அட்டை எண்ணை வாட்ஸ்அப்பிலோ போனிலோ வாங்கி நீங்களே அடிக்கும் வேலை ஒருபோதும் வேண்டாம். அட்டை விவரம் உங்கள் கையிலோ உங்கள் கணினியிலோ தங்கவே கூடாது. கேட்வேயின் பக்கத்திலேயே அவர் அடிக்கட்டும்.

பொருள் கைக்கு வந்ததும் காசு என்று வைக்கலாமா?

துணி, பாத்திரம், பூஜைப் பொருளுக்கு வைக்கலாம். கூரியர் நிறுவனங்கள் சில இந்தச் சேவையைத் தருகின்றன, அதற்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொண்டு பணத்தைப் பிறகு உங்கள் கணக்கில் போடுகின்றன. ஆனால் வாங்க மறுத்தால் போகும் செலவும் வரும் செலவும் உங்களுடையது.

பலகாரத்துக்கு வேண்டவே வேண்டாம். திரும்பி வரும் அதிரசத்தை வேறு யாருக்கு விற்பீர்கள்?

நம் ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இதைவிட நல்லது, "நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்ற தேர்வு. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வார இறுதியில் வீட்டுக்கு வருபவர்கள் ஆன்லைனில் காசு கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தபால் காசும் மிச்சம், முறுக்கும் உடையாது. எந்தக் கார்ட் எடுத்தாலும் இந்தத் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

தபால் செலவை எப்படி வைப்பது?

நல்ல வியாபாரிகள்கூடக் காசை விடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து ஒரு எடை கண்டுபிடிப்பார். உண்மை எடை, இந்தக் கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. முறுக்கு உடையாமல் இருக்க 30க்கு 30க்கு 20 பெட்டியில் குமிழ் பிளாஸ்டிக் சுற்றி அடுக்குகிறோம். தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோகூட வராது. கணக்கில் 18,000ஐ 5000ஆல் வகுத்தால் 3.6 கிலோ. நீங்கள் ஒன்றரைக் கிலோவுக்குத் தபால் வாங்கியிருந்தால், மீதிக் காசு உங்கள் லாபத்திலிருந்து போகிறது. முறுக்கு, அப்பளம், காகித மாலை, தோரணம் இதெல்லாம் இந்த வகை. மசாலாத் தூளும் பித்தளை விளக்கும் நேர் எதிர்: சின்னப் பெட்டி, கனமான எடை.

அதனால் பெட்டிகளை இரண்டு மூன்று அளவோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பாக்கெட் கொள்ளும் என்று அடுக்கிப் பார்த்து, அந்தக் கணக்கையே கார்ட்டில் எடையாகப் போடுங்கள். மேலே சொன்ன 3.6 கிலோப் பெட்டியில் ஐந்து பாக்கெட் கொள்ளும் என்றால், ஒரு பாக்கெட்டின் உண்மை எடை 250 கிராம் என்றாலும், கார்ட்டில் 720 கிராம் என்று பதியலாம். தவறில்லை, கூரியர் உங்களிடம் வாங்குவது அதற்குத்தான்.

தீபகற்பத்துக்கு ஒரு விலை, கடல் கடந்த சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு விலை. இரண்டு வட்டாரமாகப் பிரிக்க முடியாத கார்ட்டை எடுக்காதீர்கள்.

தபால் செலவு கடைசிப் பக்கத்தில் திடீரென்று தெரிந்தால் வாங்க வந்தவர் அப்படியே போய்விடுவார். பொருள் பக்கத்திலேயே "தீபகற்பம் 8 வெள்ளி, 120 வெள்ளிக்கு மேல் வாங்கினால் இலவசம்" என்பது போல எழுதிவிடுங்கள். அந்த 120ஐ நீங்கள் உங்கள் லாபத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

முகவரி விஷயமும் இதோடு சேர்ந்தது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீட்டு எண் இருந்தாலும் கூரியர் பையனுக்கு வழி தெரியாது. பலர் பொருளைத் தோட்ட ஆபிசுக்கோ பட்டணத்தில் தெரிந்த கடைக்கோ வரவழைக்கிறார்கள். கைப்பேசி எண்ணைக் கட்டாயமாக்குங்கள். "அடையாளம் அல்லது குறிப்பு" என்று ஒரு கட்டம் கூடுதலாக வையுங்கள். "கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது லயம்" என்று அதில் எழுதுவார்கள். பொருள் போய்ச் சேரும்.

பதிவு செய்யாமல் தொடங்கலாமா?

வேண்டாம். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஆன்லைனிலேயே செய்யலாம். இந்தப் பதிவு இருந்தால்தான் வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்க முடியும், பல கேட்வேகளும் கேட்கும். கேட்வே கணக்கின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கணவர் பெயரில் பதிவு, மனைவி பெயரில் வங்கிக் கணக்கு என்றால் விண்ணப்பம் நின்றுவிடும்.

இணையத்தில் விற்பவர்கள் என்னென்ன விவரம் காட்ட வேண்டும் என்பதற்கும் விதிமுறை இருக்கிறது. 2012இல் இயற்றி 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் புதிய விதிமுறைகள் அதன் இடத்துக்கு வந்தன. கடையின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் விளக்கம், தபாலோடு சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் முறை, எப்போது அனுப்புவீர்கள் என்பது எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். விலையை மறைத்து "பிஎம் பண்ணுங்க" (தனிச் செய்தியில் கேளுங்கள்) என்று போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

ரசீதுப் படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். படத்தில் எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அடுத்த வாரத் தேதி போட்ட பரிமாற்றத்தின் ரசீதைக் காட்டிவிட்டு, பொருள் போனதும் அதை ரத்துசெய்பவர்களும் உண்டு. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் உள்ளே வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கார்ட் வைத்திருந்தால் கேட்வேயின் பக்கத்தில் பாருங்கள்.

"தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை இந்த வேறு கணக்குக்குப் போடுங்கள்" என்று கேட்டால் போடாதீர்கள். எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் திருப்ப வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து பணம் ஏமாற்றி எடுக்கப்பட்டுவிட்டால், தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: டொமைன் பெயர், கேட்வே கணக்கு, கார்ட் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடை அமைத்துக் கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும் சரி. அவர் ஊர் மாறிப் போனால், எண் மாறினால், உங்கள் கடையின் சாவி அவரோடு போய்விடும். என்னைக் கடை அமைக்கச் சொல்பவர்களிடமும் இதைத்தான் முதல் நாளே சொல்கிறேன்.

திறப்பதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

2 வெள்ளிக்கு ஒரு சோதனைப் பொருள் ஏற்றி, நிஜப் பணம் கட்டி வாங்குங்கள். மேபேங்கில் ஒரு முறை, பிஎஸ்என்னில் ஒரு முறை, வாலட்டில் ஒரு முறை. பணம் கட்டியதும் வேண்டுமென்றே பிரவுசரை மூடிப் பாருங்கள். ஆர்டர் மாறுகிறதா? மின்னஞ்சல் வருகிறதா? வந்த மின்னஞ்சலில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? ஒரு ஆர்டரை ரத்துசெய்து பணத்தைத் திருப்பியும் பாருங்கள். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அந்தப் பொத்தானை முதல் முறையாகத் தேடக் கூடாது.

அப்புறம், வீட்டில் வயதான ஒருவர் கையில் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல், "இந்த முறுக்கை வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் அது கணக்குத் திறக்கச் சொல்லும் பக்கமாக இருக்கும். கணக்கு இல்லாமலேயே வாங்கும் வசதியைத் திறந்துவிடுங்கள்.

"பணம் போயிடுச்சு, ஆனா ஆர்டர் இல்ல" என்று ஒருவர் அழைத்தால்?

முதலில், "கவலைப்படாதீங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் காசு அது, பதற்றம் நியாயமானது. தொகை, நேரம், எந்த வங்கி என்பதைக் கேட்டுக்கொண்டு கேட்வே பக்கத்தில் தேடுங்கள். அங்கே பணம் வந்ததாகக் காட்டினால், கார்ட்டில் கையால் "பெய்ட்" என்று மாற்றிப் பொருளை அனுப்புங்கள். "பெண்டிங்" (இன்னும் முடியவில்லை) என்று காட்டினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டுபவர்களுக்கு இன்னொருவரின் ஒப்புதல் தேவைப்படும், நள்ளிரவில் வங்கிகள் பராமரிப்பு வேலை செய்யும்போதும் இப்படி நிற்கும். எக்காரணம் கொண்டும் "இன்னொரு முறை கட்டுங்க" என்று உடனே சொல்லாதீர்கள். இரண்டு முறை கழிந்துவிட்டால் அதைத் திருப்புவதற்குள் அவருக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

தீபாவளி நேரத்தில் கார்ட்டில் என்ன மாற்ற வேண்டும்?

ஆர்டர் கடைசித் தேதியை முகப்பிலேயே எழுதுங்கள். சபா சரவாக்குக்குத் தனித் தேதி, தீபகற்பத்துக்குத் தனித் தேதி, நேரில் எடுப்பவர்களுக்கு வேறு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சுட முடியும் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவையே சரக்கு எண்ணிக்கையாகப் போடுங்கள். எண்ணிக்கை தீர்ந்ததும் கார்ட் தானே "முடிந்தது" என்று காட்டட்டும். கேட்வேயில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற வரம்பு இருந்தால் முன்கூட்டியே கேட்டு உயர்த்துங்கள். பண்டிகைக்கு முந்தைய விடுமுறை நாட்களில் பணம் உங்கள் கணக்குக்குச் சேருவது தள்ளிப்போகும் என்பதால், எண்ணெய்க்கும் மாவுக்கும் வேண்டிய காசைக் கேட்வேயை நம்பி வைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.